வேலூர் பின்கோடை உடைத்துப் பார்த்தேன்

632001. வேலூர் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு. முதல் 6 தமிழ்நாடும் கேரளாவும் அடங்கிய மண்டலம், கடைசி மூன்று இலக்கம் குறிப்பிட்ட அஞ்சலகம். 1972 ஆகஸ்ட் 15-லிருந்து இந்த ஏற்பாடுதான். தபால்காரருக்கு இது போதும். எனக்கு இந்த எண் எதால் எல்லாம் வகுபடும் என்று தெரியாமல் இருப்புக் கொள்ளவில்லை.

இலக்கங்களைக் கூட்டினால் 12, அதனால் 3-ஆல் வகுபடும், ஈவு 210667. சரி, அப்புறம்? 5, 7, 11, 13 எதற்கும் மசியவில்லை. இப்படியே பகா எண்களாக வகுத்துக்கொண்டு போனால் அடுத்து வகுபடுவது 293-இல், அது 62-ஆவது பகா எண். வேலூர் மே மாத வெயிலில், அதுவும் கரன்ட் போன மத்தியானத்தில், இதை யார் செய்வது?

பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா 1643-இல் எழுதிய ஒரு கடிதத்தில் இதற்குக் குறுக்குவழி இருக்கிறது. அடிப்படை நாம் பள்ளிக்கூடத்தில் படித்த a² − b² = (a − b)(a + b) தான். எண்ணை இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிவிட்டால் காரணிகள் தானாக வந்துவிடும். 632001-இன் வர்க்கமூலம் 795-க்குக் கொஞ்சம் கீழே, எனவே 795-இல் தொடங்குகிறோம். 795² = 632025, நம் எண்ணைக் கழித்தால் 24. அட, 25-ஆக இருந்திருக்கக் கூடாதா! 796-க்கு 1615, 797-க்கு 3208, 798-க்கு 4803, எதுவும் முழு வர்க்கம் இல்லை. 799-க்கு 6400, அதாவது 80². முடிந்தது: 799 − 80 = 719, 799 + 80 = 879. இந்த 879-ஐ 3 × 293 என்று பிரிக்கலாம். 719 பகா எண், அதோடு 6×5×4×3×2×1-க்கு ஒன்று குறைவு. ஆக 632001 = 3 × 293 × 719.

ஐந்தே படியில் விழுந்ததற்குக் காரணம் 719-உம் 879-உம் அக்கம்பக்கத்தில் இருப்பதுதான். காரணிகள் தூரத் தூரமாக இருந்தால் இந்த வழி சாதாரண வகுத்தலைவிட மோசம். ஃபெர்மா எடுத்துக்காட்டிய 2027651281 பன்னிரண்டாவது படியில் 44021 × 46061 என்று பிரிந்தது, அவரும் தோதான எண்ணாகத்தான் பார்த்து எடுத்திருக்கிறார் என்பது என் சந்தேகம். கம்ப்யூட்டர் செய்திகளை ரகசியமாக்க 1977-இல் வந்த ஆர்எஸ்ஏ என்ற பூட்டில் இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வைக்கிறார்கள், பெருக்கி வந்த எண்ணைத் திரும்பப் பிரித்துவிட்டால் பூட்டு திறந்துவிடும். அவை ரொம்ப நெருக்கமாக இருக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

"கம்ப்யூட்டர்ல போட்டா ஒரு செகண்ட் வேலை, இதுக்குப் போய் பேப்பரை வீணாக்குறியேண்ணா" என்றாள் காட்பாடிப் பக்கம் கல்லூரியில் படிக்கும் தங்கச்சி. அவள் கல்லூரிப் பின்கோடு 632014. அதில் இந்த வித்தை தொடங்கவே தொடங்காது: எந்த வர்க்கத்தையும் 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1, ஆகவே இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்துக்கு மீதி 2 வரவே வராது, 632014-க்கோ மீதி 2. முதலில் 2-ஆல் வகுத்து 316007 ஆக்கிக்கொண்டால் வழி உண்டு. அந்த பேப்பரை அவளிடமே கொடுத்துவிட்டேன்.