ஊதாப்புல்லுக்குத் தண்ணீர்: ஜெலுத்தோங் வீட்டு நாட்குறிப்பு

7 ஜனவரி 2024

வடகிழக்குக் காற்று வந்துவிட்டது. கிழக்குக் கரையில் கிளந்தானும் திரங்கானுவும் வெள்ளம் பார்க்கிற பருவத்தில்தான் மேற்கே எங்கள் பினாங்கு காய்கிறது. மழையையெல்லாம் நடுமலைத் தொடர் வாங்கிக்கொண்டு, வறண்ட காற்றை நம் பக்கம் இறக்கிவிடுகிறது. காலையில் துவைத்துப் போட்ட துணி பத்து மணிக்குள் காய்ந்துவிட்டது. துணி அப்படிக் காய்ந்தால் தொட்டி மண்ணும் அப்படித்தான் காயும்.

கேட்டுக்கும் லோங்காங்குக்கும் (சாக்கடைக் கால்வாய்) நடுவில் இருக்கிற துண்டு நிலத்தில் மூன்று தூர், போர்ச் ஓரத் தொட்டிகளில் இரண்டு. ஊதாப்புல் என்று வீட்டில் சொல்கிறோம். நர்சரியில் ஃபவுண்டன் கிராஸ் என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். தொட்டியோடு வந்த சீட்டில் வசந்தத்தில் நடு, கோடையில் வாரம் இருமுறை ஊற்று, குளிர்காலக் கடைசியில் வெட்டு என்று இருக்கிறது. உறைபனி விழும் ஊர்களுக்கு அது சரி. அங்கே இந்தப் புல் பனியில் செத்துப்போகும், ஆண்டுதோறும் புதிதாக வாங்குவார்கள். இங்கே அது பல வருடம் இருக்கிறது, வருடம் முழுக்கக் கதிர் விடுகிறது. நம் ஊருக்கு வேறு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைத்தான் இந்த வருடம் எழுதி வைக்கப் போகிறேன்.

12 ஜனவரி

புதன்கிழமையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுகிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டதால் வாளி, டிரம், அண்டா எல்லாம் நிரப்பி வைத்திருக்கிறோம். இந்தத் தீவு குடிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி கெடா எல்லையில் ஓடும் சுங்கை மூடா ஆற்றிலிருந்து எடுத்து, சுங்கை டுவாவில் சுத்தம் செய்து, கடலடிக் குழாய் வழியாக வருவது. இது தெரிந்த பிறகு ஹோஸைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டு நிற்க மனம் வருவதில்லை.

தரையில் இருக்கிற மூன்றையும் தொடவில்லை. அவற்றின் வேர் ஆழத்தில் இருக்கிறது, ஒரு வாரம் தாங்கும். தொட்டிகளுக்குக் கழனித்தண்ணீர். அரிசி கழுவின உடனே ஊற்றிவிட வேண்டும், வைத்திருந்தால் புளித்து ஈ மொய்க்கும். துணி துவைத்த சோப்புத் தண்ணீரைத் தொட்டிக்கு விடுவதில்லை, உப்பு மண்ணிலேயே தங்கிவிடும்.

அத்தை சுங்கை பட்டாணிப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் செம்போடு போவதைப் பார்த்துவிட்டு, “தோட்டத்துல புல்ல அழிக்கத்தான் எங்களுக்குச் சம்பளம். நீ காசு குடுத்து வாங்கிட்டு வந்து தண்ணி வேற ஊத்துற” என்றார். சொல்லிவிட்டுக் கழனித்தண்ணீர்ச் சட்டியை அவரே எடுத்து நீட்டினார்.

16 ஜனவரி

தண்ணீர் வந்துவிட்டது. பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. தரைத்தூர்களில் ஓர் இலைகூட வாடவில்லை.

26 ஜனவரி

நேற்று தைப்பூசம். முழு நாளும் தண்ணீர்மலை முருகன் கோயிலில். தண்ணீர்ப் பந்தல்களில் வாங்கிக் குடித்துக்கொண்டே நடந்ததால் வெயில் அவ்வளவாகத் தெரியவில்லை. இரவு வீட்டுக்கு வந்தால் ஒரு தொட்டி காய்ந்து தூக்கினால் காற்றாக இருந்தது. அதை எழுதியே ஆக வேண்டும்.

கோக்கோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலந்த மண் ஒரு தடவை முற்றிலும் காய்ந்துவிட்டால் சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விரல் நுழைகிற அளவுக்கு விலகிவிடும். மேலே ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியாகவே இறங்கி அடி ஓட்டையில் ஓடிவிடுகிறது. அடியில் தண்ணீர் வந்ததைப் பார்த்து நிறைய ஊற்றிவிட்டோம் என்று நினைப்போம்; கிளறினால் நடுமண் மாவாக உதிரும். அகலமான பேசினில் பாதித் தொட்டி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு அதில் தொட்டியை இறக்கி வைத்தேன். முதலில் குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும். அது நின்று, மேல்மண் கறுத்து ஈரமாகும் வரை விட வேண்டும். ஒரு மணி நேரம் ஆனது. பிறகு வெளியே எடுத்து நன்றாக வடியவிட்டேன்.

3 மார்ச்

எல் நினோ வருடத்து வெயில். மதியம் தெருவில் நாய்கூட நடக்கவில்லை.

இன்று இலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், இந்த வேலையில் முக்கியமானது அதுதான். மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் ஊதா இலைகள் எல்லாம் துடைப்பக் குச்சி போல ஒடுங்கி நிற்கின்றன. ஒன்றை விரலால் பிரித்தால் உள்பக்கம் பளபளவென்று பச்சை கலந்த ஊதா, வெளிப்பக்கம் மங்கல். புல் இலையின் மேல்தோலில் பெரிய செல்கள் வரிசையாக இருக்கின்றன. தண்ணீர் குறைந்தால் அவை சுருங்கும், இலை நீளவாக்கில் உள்நோக்கிச் சுருளும். காற்றுபடும் பரப்பு குறைவதால் ஆவியாவதும் குறையும். அதாவது மதியம் சுருள்வது புல்லின் தற்காப்பு. அதைக் கண்டு ஓடிப்போய் ஊற்ற வேண்டியதில்லை.

மாலை ஆறரைக்கு மறுபடி பார்த்தேன். தரைத்தூர்கள் விரிந்துவிட்டன. தொட்டிகளில் ஒன்று விரிந்தது, ஒன்று விரியவில்லை. விடியற்காலையிலும் சுருண்டே இருந்தால் அதுதான் உண்மையான தாகம். அந்தத் தொட்டிக்கு மட்டும் காலையில் ஊற்றுவேன்.

அத்தையிடம் சொன்னேன். “லாலாங்கும் இப்படித்தான்மா சுருளும். சாயங்காலம் நிமிந்துக்கும்” என்றார். லாலாங் என்பது தோட்டத்தில் களையாக மண்டுகிற புல். இந்தப் புல், லாலாங், கரும்பு, சோளம் எல்லாமே கொளுத்தும் வெயிலிலும் குறைந்த தண்ணீரை வைத்து நன்றாக உணவு தயாரிக்கிற வகை. ஒளிச்சேர்க்கை முறையே அவற்றில் வேறு.

தரைக்கு ஊற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் தெளிப்பதில்லை. அப்படித் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே படர்ந்து, ஒரு நாள் தவறினாலும் வாடிவிடும். ஒரு தூருக்கு ஒரு வாளி, அடியைச் சுற்றி, மெதுவாக, விட்டுவிட்டு. அடுத்தது, விரலை மண்ணில் இறக்கினால் இரண்டாம் கணு வரை ஈரம் இல்லாதபோதுதான்.

28 ஏப்ரல்

அணை நீர்மட்டம் இறங்குகிறது என்றுதான் தினமும் செய்தி. ஆனாலும் மாலை இடி கேட்க ஆரம்பித்துவிட்டது. வெட்ட இதுதான் நேரம். பழைய இலைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிவிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டினேன். மூன்று கோணி குப்பை.

வெட்டிய பிறகுதான் கவனம் அதிகம் வேண்டும். இலை இல்லாத தூர் தண்ணீர் குடிக்காது. பாவம் மொட்டையாக நிற்கிறதே என்று ஊற்றினால் வெட்டுவாயில் தண்ணீர் தேங்கி நடுத்தூர் அழுகும். தளிர் ஒரு விரல் நீளம் வரும்வரை மழை பெய்வதே போதும்.

21 மே

காலை ஏழு மணி. தளிர் இலை ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முத்து நீர். பனி என்றால் இலை முழுக்கப் படர்ந்திருக்கும். இது நுனியில் மட்டும். இரவில் வேர் உறிஞ்சிய தண்ணீர் ஆவியாக வழியில்லாமல் இலை நுனித் துளையில் கசிந்து நிற்கிறது. இதைப் பார்த்த நாளில் ஊற்ற வேண்டியதே இல்லை. பார்த்துக்கொண்டே நின்றதில் காப்பி ஆறிவிட்டது.

14 ஜூலை

விடியும் முன் சுமத்ரா பக்கத்திலிருந்து வந்த புயற்காற்று. அரை மணி நேரம் அடித்துவிட்டுப் போனது. நனைந்த கதிர்களின் பாரத்தில் தூர்கள் சாய்ந்து லோங்காங் மேல் கிடக்கின்றன. குலுக்கிவிட்டதும் பாதி எழுந்தன. கேட் ஓரத்துத் தூர் மட்டும் எழவில்லை. அதற்குப் பக்கத்து வீட்டு மாமர நிழல் விழுகிறது. நிழலில் நிறமும் பச்சைக்குத் திரும்பும், தண்டும் சோடையாகும். எவ்வளவு ஊற்றினாலும் வெயில் இல்லாத இடத்தில் இந்தப் புல் தேறாது. இடம் மாற்றத்தான் வேண்டும்.

20 அக்டோபர்

பினாங்கில் மிக அதிகம் மழை பெய்கிற மாதம். வாளியைத் தொடவே இல்லை. ஆனாலும் வேலை கூடியிருக்கிறது. தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றினேன். அடி ஓட்டையில் குச்சி விட்டு அடைப்பு எடுத்தேன். அடித்தட்டுகளை எடுத்துக் கவிழ்த்துவிட்டேன். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசுப் புழு இருந்தால் அபராதம் போடுவார்கள். டெங்கி வந்த வீட்டைப் பார்த்தவர்களுக்கு அபராதம் ஒரு பொருட்டே இல்லை. இந்தத் தெருவில் வெயிலில் செத்த செடியைவிட அக்டோபர் ஈரத்தில் செத்த செடிகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தூரின் அடி பழுப்பாகி, இழுத்தால் கையோடு வந்தால் தாகம் இல்லை, அழுகல்.

4 நவம்பர்

தீபாவளிப் பலகாரம் கொடுக்கப் போனபோது பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஊதாப்புல் ஒரு கன்று கேட்டார். மழை இருக்கும்போதே பிரிப்பது நல்லது. கேட் ஓரத்துத் தூரைக் கொத்தி எடுத்து, சங்கூலால் (மண்வெட்டி) மூன்றாகப் பிளந்தேன். ஒன்று ஆன்ட்டிக்கு. ஒன்று வெயில் விழும் மூலையில் நட்டேன். மூன்றாவது பட்டர்வொர்த்தில் பன்னிரண்டாம் மாடியில் இருக்கிற நாத்தனாருக்கு. வேர் அறுபட்ட கன்றுக்கு மட்டும் என் கணக்கு செல்லாது: புது இலை வரும்வரை மண் காயவே கூடாது, தினமும் கொஞ்சம். இலையைப் பாதிக்கு மேல் வெட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.

22 டிசம்பர்

நாத்தனார் போன் செய்தார். “அண்ணி, நீங்க சொன்ன மாதிரிதான் விரல விட்டுப் பாத்து ஊத்துறேன். ஆனா தினமும் காஞ்சி போவுது.” கடல்காற்று நேராக அடிக்கிற மாடி அது, சிமெண்டுச் சுவரும் சூடு. அங்கே தினமும் ஊற்றத்தான் வேண்டும். தொட்டியைப் பெரிதாக்கி, மேல்மண்ணைத் தேங்காய் மட்டையால் மூடச் சொன்னேன். விடிந்ததும் இலையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.