நங்கூரம் இருந்தால் நேவிப் பெட்டியா?

திருகோணமலையில் பித்தளை மூலை வைத்த பழைய சவரப்பெட்டி ஒன்று விலைக்கு வந்தால், விற்பவர் வாயில் முதலில் வருவது "இது நேவிப் பெட்டி". ஆதாரமாகக் காட்டுவது பெட்டிக்குள் இருக்கும் குப்பிகளின் வெள்ளி மூடியில் இருக்கும் குட்டி நங்கூரத்தை. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்த ஊர் என்பதால் கதை நன்றாகவே எடுபடும். ஆனால் அந்த நங்கூரம் பர்மிங்ஹாமில் வெள்ளியைச் சோதித்துக் குத்திய முத்திரை. பர்மிங்ஹாமுக்குக் கடலே கிடையாது!

முத்திரைகளை வில்லை வைத்துப் பாருங்கள். நடக்கும் சிங்கம் என்றால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. சிறுத்தைத் தலை லண்டனுக்குரியது. தனி எழுத்து ஆண்டைச் சொல்லும். அரசர் அல்லது அரசியின் தலை, 1784 முதல் 1890 வரை வரி கட்டியதற்கான அடையாளம். ஈ.பி.என்.எஸ். (EPNS) என்ற எழுத்துகள் இருந்தால், வேறு உலோகத்தின் மேல் பூசிய வெறும் வெள்ளி முலாம்.

படைத் தொடர்பைத் தேட வேண்டிய இடம் மேல்மூடியின் நடுவில் பதித்த பித்தளைத் தகடு. பெயரும் பதவியும் ரெஜிமென்டும் அங்கேதான் இருக்கும். விரல் நுனியால் தடவுங்கள்: நூறு வருடம் துடைபட்ட எழுத்தின் விளிம்பு வழவழப்பாக இருக்கும், அண்மையில் வெட்டியது நகத்தில் சுரண்டும். பிறகு பெயரை அந்தக் காலத்து இராணுவ, கடற்படை அதிகாரிகள் பட்டியல்களில் தேடலாம். ஸ்கொட்லாந்து தேசிய நூலகம் பல ஆண்டுகளின் பட்டியல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பித்தளை மூலையும் உள்ளடங்கிய கைப்பிடியும் மட்டும் போதாது, சாதாரணப் பயணிகளும் அதே மாதிரிப் பெட்டியை வாங்கினார்கள். அரச சொத்தைக் குறிக்கும் அம்புக்குறி இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். சவரப்பெட்டி அதிகாரி தன் காசில் வாங்கும் பொருள், அதில் அம்புக்குறிக்கு என்ன வேலை?

இங்கே பெட்டியைக் கெடுப்பது காற்று. வாடையில், அதாவது வடகிழக்கு மழைக்காற்றில், மரம் ஊதும்; கச்சானில், அதாவது தென்மேற்கு வறண்ட காற்றில், சுருங்கும். மரத்தில் பதித்த பித்தளைப் பட்டி மட்டும் அப்படியே நிற்கும். அதனால் பட்டி ஒரு நுனியில் கிளம்பி, வருகிறவர் சட்டையையெல்லாம் இழுக்கும். சுத்தியலால் தட்டினால் பக்கத்து மெல்லிய மேற்பலகை உடையும். சுப்பர் குளூவும் வேண்டாம், அடுத்த முறை கழற்ற முடியாது. பட்டி பதிந்திருந்த பள்ளத்தில் உள்ள பழைய பசையை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இளக்கி எடுங்கள். தச்சர்கள் காய்ச்சும் வச்சிரப் பசையை 60 பாகை செல்சியஸ் அளவில் சூடாக்கித் தடவி, மேலே மெழுகுத்தாள் வைத்து, 24 மணி நேரம் இறுக்கி வையுங்கள். பசை கொதித்தால் வலுப் போய்விடும்.

சில பெட்டிகளில் அடித்தட்டு இழுப்பறையை ஒரு பித்தளை ஊசிதான் பூட்டி வைத்திருக்கும். மூடியைத் திறந்து ஊசியை மேலே இழுத்தால்தான் வரும். வாடைக் காலத்தில் ஊதி இறுகியிருக்கும்போது பலவந்தமாக இழுத்தால் ஊசித் துளையே பிளக்கும். வெயில் காலம்வரை பொறுங்கள்.

குத்துவிளக்குக்குப் போடுவதுபோல இதற்குப் புளி போட வேண்டாம். புளியின் அமிலம் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைக் கரைத்துச் செம்பின் இளஞ்சிவப்பு நிறத்தை விட்டுவைக்கும், மரத்துக்குள்ளும் ஊறும். உலர்ந்த பருத்தித் துணி போதும். பச்சைக் களிம்பு இருந்தால் மூங்கில் குச்சி.

சவரத் தூரிகையின் பிடி தந்தமா என்று பார்க்கச் சூட்டு ஊசி குத்தும் பழக்கம் ஆபத்தானது. அது செலுலாயிட் என்ற பழைய பிளாஸ்டிக்காக இருந்தால் குப்பென்று பற்றும். நுனி முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக வளைகோடுகள் வெட்டிக்கொண்டால் யானைத் தந்தம். சின்னக் கரும்புள்ளிகள் எலும்பு. ஒரே சீரான நேர்கோடுகள் செலுலாயிட். தந்தமாக இருந்தால் விற்பதற்கோ வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கோ முன் சட்டத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூடிக்குள் இருக்கும் கண்ணாடியின் கீழ் விளிம்பில் சின்ன வெள்ளி உருண்டைகள் தெரிந்தால் விரலால் தொடாதீர்கள். அது பாதரசம். பழைய கண்ணாடிகளுக்கு வெள்ளீயத்தோடு பாதரசம் சேர்த்துப் பூசினார்கள். பெட்டியை நிமிர்த்தியே வைத்து, காற்றோட்டமான இடத்தில் திறவுங்கள்.