நவம்பர் 7-க்கும் 23-க்கும் நடுவில்

2024 தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். காலை ஏழு மணிக்குச் சித்தப்பா போன் செய்தார். அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வந்தாலே எனக்குப் பக்கென்று இருக்கும். எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை. "ஏப்பா, நம்ம ஊர்ப் பேரு பேப்பர்ல வந்திருக்கு. மலையத் தோண்டப் போறாய்ங்களாம். டங்ஸ்டன்னா என்னப்பா?"

பல்புக்குள் இருக்கும் கம்பி என்று சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "பல்புக் கம்பிக்கு எதுக்குப்பா அஞ்சாயிரம் ஏக்கரு?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம், அரிட்டாபட்டியிலிருந்து ரொம்ப தூரமில்லை. நான் மதுரையில் வேலை பார்க்கிறேன், ஓட்டும் ரேஷன் கார்டும் மதுரையில்தான். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஊருக்குப் போனேன். டீக்கடை பெஞ்சில் அந்தப் பேப்பர் கிடந்தது, மூன்று நாளைக்கு முந்தையது. சாதாரணமாக மறுநாளே வடையும் பஜ்ஜியும் மடிக்கப் போய்விடும். இதைக் கடைக்காரர் கிழிக்காமல் வைத்திருந்தார். மாவட்டச் செய்திப் பக்கத்தில் நாலு பத்தி செய்தி, அதில் வரிசையாக ஊர்ப் பெயர்கள்: அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி, நாயக்கர்பட்டி, கிடாரிப்பட்டி, எட்டிமங்கலம் என்று போய்க்கொண்டே இருந்தது. யாரோ நீல மையில் ஒவ்வொரு பெயருக்கும் அடியில் கோடு போட்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெயருக்கு இரண்டு கோடு. எண்ணெய்க் கை பட்டுப்பட்டு அந்த இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.

அந்தத் தாளை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். செய்தி என்ன செய்யும், எதைச் செய்யாது என்று அதற்கப்புறம் யோசிக்கும்போதெல்லாம் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.

நடந்தது இதுதான். 2023-இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தியபோது, முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு தன்னிடம் எடுத்துக்கொண்டது. 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக்' என்ற பெயரில் மேலூர் தாலுகாவில் சுமார் 5,000 ஏக்கர் ஏலத்துக்கு வந்தது. மத்திய அரசே பின்னால் கொடுத்த விளக்கத்தின்படி, ஏல வேலை 2024 பிப்ரவரியில் தொடங்கிவிட்டது. யாருக்கு ஏலம் போனது என்ற அறிவிப்பு வந்தது நவம்பர் 7. நடுவில் ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதமும் எங்கள் ஊரில் நாற்று நட்டார்கள், கல்யாணம் வைத்தார்கள், ஒரு வீட்டுக்குத் தளம்கூடப் போட்டார்கள். ஏல ஆவணங்கள் இணையத்தில் இருந்தன, ஆங்கிலத்தில். ஒளித்து வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் கோப்பில் இருந்த பெயர் நாயக்கர்பட்டி. அதை ஒருவர் பார்த்திருந்தாலும் அதற்குள் அரிட்டாபட்டி இருக்கிறது, சமணர் படுக்கையும் குடைவரைக் கோயிலும் இருக்கின்றன, 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசே அறிவித்த இடம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? வரைபடத்தை எடுத்து, ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, தமிழில் எழுதி ஒருவர் அச்சில் போட வேண்டியிருந்தது. அதைச் செய்ததுதான் அந்த நாலு பத்திச் செய்தி.

இன்னொரு விஷயம் தற்செயலாக அமைந்தது. நவம்பர் 1 உள்ளாட்சி தினம், அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூட வேண்டும் என்று 2022-இலிருந்து ஏற்பாடு. (ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலாக இருந்ததோடு மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்து ஆறாயிற்று.) அந்த வருஷம் அக்டோபர் 31 தீபாவளி, அதனால் கூட்டம் நவம்பர் 23-க்குப் போனது. அறிவிப்பு நவம்பர் 7, கூட்டம் நவம்பர் 23. நடுவில் பதினாறு நாள். கூட்டம் வழக்கம்போல 1-ஆம் தேதியே நடந்திருந்தால் எங்கள் ஆட்கள் தெருவிளக்கையும் சாக்கடையையும் பேசிவிட்டுக் கலைந்திருப்பார்கள். அடுத்த கிராம சபை ஜனவரி 26. இதை நினைத்தால் இன்னமும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

23-ஆம் தேதி சனிக்கிழமை. நானும் போய் ஓரமாக நின்றேன். எங்கள் ஊர் அளவுள்ள ஊராட்சிக்குக் குறைவெண் 100 பேர். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை இருந்தால் அத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். மற்ற நாட்களில் அதை எட்டுவதற்கே நூறு நாள் வேலைக்கு வந்தவர்களைக் கூட்டி உட்கார வைப்பார்கள். அன்றைக்கு வேப்பமரத்தடியில் இடமில்லாமல் பள்ளிக்கூடச் சுவர்மேல் பையன்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் கையில் அந்தச் செய்தியின் ஜெராக்ஸ். ஒரு பாட்டி எழுந்து, "எங்க பேர எழுதிக்கிட்டீங்களா, வேணாம்னு சொன்னேன்னு எழுதிக்கிட்டீங்களா" என்று இரண்டு தடவை கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் ரேகை வைத்த பிறகுதான் உட்கார்ந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. பேத்தி அந்தச் செய்தியை வாசித்துக் காட்டியிருக்கிறாள். எங்கள் ஊர் மட்டும் இல்லை, அன்று சுற்றுவட்டாரத்தில் ஊராட்சி ஊராட்சியாக இதே தீர்மானம் போட்டார்கள்.

அப்புறம்தான் டிவிக்காரர்கள் வந்தார்கள். டிவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டப்பேரவையில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறும் அளவுக்கு விஷயம் பெரிதானதில் டிவிக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த ஒரு மாதம் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்து நான் பார்த்தது எல்லாம் ஒரே சண்டை. மத்திய அரசு தப்பா, மாநில அரசு தப்பா, சட்டத் திருத்தத்தை அன்றைக்கு யார் ஆதரித்தார்கள், யார் கடிதம் எழுதினார்கள், யார் எழுதவில்லை. ஆறு பெட்டிக்குள் ஆறு தலை, ஒருவர் பேசி முடிப்பதற்குள் இன்னொருவர். இதெல்லாம் தெரிய வேண்டிய விஷயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சித்தி கேட்ட கேள்வி வேறு. "ஏலம் விட்டாச்சுன்னா நாளைக்கே வந்து வீட்ட இடிப்பாய்ங்களா?" இந்தக் கேள்விதான் அந்தப் பத்துப் பதினொரு ஊரிலும் எல்லார் வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பதில் இருந்தது. ஏலத்தில் கொடுப்பது கூட்டு உரிமம், அதாவது முதலில் ஆய்வு, கனிமம் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் சுரங்கக் குத்தகை. நடுவில் சுற்றுச்சூழல் அனுமதி இருக்கிறது, மாநில அரசின் உத்தரவு இருக்கிறது. இதை ஐந்து நிமிடம் யாராவது பொறுமையாகச் சொல்லியிருந்தால் சித்தி அன்று தூங்கியிருப்பார். எந்த விவாதத்திலும் அது வரவில்லை, நான் பார்த்த வரையில். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்தால் கோபம் மட்டும் மிச்சம். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு காலையில் எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், எந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று எதுவும் தெரியாது. டீக்கடைப் பேப்பரில் ஊர்ப் பெயர் இருந்தது, அதனால் ஆட்கள் தலையாரி வீட்டுக்குப் போனார்கள், சர்வே நம்பர் பார்த்தார்கள், கிராம சபைத் தேதியை விசாரித்தார்கள்.

பதில் வராத கேள்விக்கு வாட்ஸப் பதில் சொல்ல ஆரம்பித்தது. "அடுத்த வாரம் மெஷின் வருகிறது", "சர்வேயர் ராத்திரியில் வந்து கல் நட்டுவிட்டுப் போய்விட்டான்" என்று ஒவ்வொரு நாளும் ஒன்று. ஒரு வீடியோவில் பெரிய துளைபோடும் எந்திரம், சுற்றிலும் செம்மண். நம்ம பக்கம் கருங்கல் பாறை, அங்கே செம்மண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். யாரும் பதில் போடவில்லை, வீடியோ மட்டும் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு 2023 மார்ச் ஞாபகம் வந்தது. பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று ஒரு வீடியோ வடக்கே பரவியதே, அது. திருப்பூரில் அவர்களுக்குள்ளேயே நடந்த தகராறு ஒன்று, கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்தது இன்னொன்று என்று போலீஸ் விளக்க வேண்டியதாயிற்று. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. அதற்குள் எத்தனை வீட்டில் "உடனே கிளம்பி வா" என்று அம்மா அழுதிருப்பாள். சரியான செய்தி வராத இடத்தில் இந்த மாதிரிச் செய்திதான் வந்து உட்காரும், அதை நம்பியவர்களைத் திட்டி என்ன பிரயோஜனம்.

டிமத்தி பெஸ்லி, ராபின் பர்ஜஸ் என்று இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002-இல் இந்திய மாநிலங்களை வைத்து எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. வெள்ளத்திலோ வறட்சியிலோ விளைச்சல் கெடும்போது எந்த மாநில அரசு ஓடிவந்து தானியமும் நிவாரணமும் கொடுக்கிறது என்று பார்த்தார்கள். செய்தித்தாள் அதிகமாகப் போகும் மாநிலங்களில் அரசு கூடுதலாக அசைகிறது. அதிலும் ஆங்கில, இந்திப் பத்திரிகைகளால் அல்ல, அந்தந்த மாநில மொழிப் பத்திரிகைகளால்தான் அந்த வித்தியாசம் வருகிறது என்று கண்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை, நீலக் கோடு போட்ட அந்தப் பக்கம்தான் கண்முன் வந்தது. டெல்லியிலோ சென்னையிலோ ஆங்கிலத்தில் எவ்வளவு நல்ல கட்டுரை வந்தாலும் அந்தப் பாட்டிக்கு அவள் பேத்தி வாசித்துக் காட்டக்கூடியது மாவட்டப் பக்கம் மட்டும்தான்.

அந்த மாவட்டப் பக்கத்தை எழுதுகிறவர்களை ஊரில் எல்லாருக்கும் தெரியும். பைக்கில் வருவார், பகுதிநேர நிருபர். மாதச் சம்பளம் கிடையாது. அச்சான செய்திக்கு ஏதோ கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள், படத்துக்குக் கொஞ்சம். தீபாவளி, பொங்கல் வந்தால் விளம்பரமும் பிடித்துக் கொடுக்க வேண்டும். யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே போய் வாழ்த்து விளம்பரம் கேட்க வேண்டிய நிலைமை. இப்படி வைத்துக்கொண்டு ஊராட்சிக் கணக்கை நோண்டி எழுது என்றால் எப்படி எழுதுவார்? சந்தாவும் விளம்பரமும் குறையக் குறையப் பக்கத்தைச் சுருக்குகிறார்கள். முதலில் சுருங்குவது சினிமாவும் இல்லை, அரசியலும் இல்லை, தாலுகாச் செய்திதான்.

2025 ஜனவரி 7-ஆம் தேதி மேலூரில் கடைகளை அடைத்துவிட்டு, நரசிங்கம்பட்டியில் திரண்டு மதுரைக்கு நடந்தார்கள். நான் விடுப்புப் போட்டு ஒத்தக்கடையில் சேர்ந்துகொண்டேன். நாலுவழிச் சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் தலைதான். தல்லாகுளம் தபால் ஆபீஸ் வரைக்கும் சித்தப்பா நடந்தார், அறுபத்தெட்டு வயதில். அன்று எல்லாச் சானலிலும் நேரலை. ஜனவரி 23, ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. டீக்கடையில் அன்று டீ இலவசம். மறுநாள் பேப்பரையும் கடைக்காரர் எடுத்து வைத்திருக்கிறார், பழையதோடு சேர்த்து.

இதோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் டிவிக்காரர்கள் கிளம்பினார்கள். நான் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் நடந்தது.

அந்த மே 1 கிராம சபைக்கும் ஊருக்குப் போனேன். அதே வேப்பமரம். ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அதிகாரிகள் நிர்வாகம். கேள்வி கேட்க வேண்டியது முன்னைவிட அதிகம். வந்திருந்தது நாற்பது பேர்கூட இல்லை. வரவு செலவை ஒருவர் மடமடவென்று வாசித்தார். கண்மாய் மடை சரிசெய்ததாக ஒரு தொகை வந்தது. அந்த மடை உடைந்துதான் கிடக்கிறது, வரும் வழியில் பார்த்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. சுரங்கத்துக்கு எதிராக ரேகை வைத்த அதே சனம்தான். இவர்களுக்கு அக்கறை இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்றைக்குக் கூட்டம் என்றே பாதிப் பேருக்குத் தெரியாது, என்ன வாசிப்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. நவம்பரில் தெரிந்திருந்தது, வந்தார்கள்.

எங்கள் பக்கத்து நிருபரைப் பார்த்து, கிராம சபைக்கு ஒரு வாரம் முன்னாலேயே தேதி, இடம், என்ன பொருள் என்று ஆறு வரி போட முடியாதா என்று கேட்டேன். நல்ல மனுஷன், மறைக்காமல் சொன்னார். "சார், கூட்டத்துல தகராறு ஆச்சுன்னா போடுவாய்ங்க. அமைச்சர் வந்தா போடுவாய்ங்க. நடக்கப் போறதப் போட மாட்டாய்ங்க, அது செய்தி இல்லம்பாய்ங்க."

மூன்று நாள் அதே ஞாபகமாக இருந்தேன். பிப்ரவரியில் ஏலம் நடக்கப் போவது செய்தியாக வந்திருந்தால் ஒன்பது மாதம் கிடைத்திருக்கும். பதினாறு நாளில் விழுந்தடித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்திருக்காது.

ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு முன்னால் டீக்கடைக்காரரிடம் கேட்டு, அவர் வடை விலை எழுதும் கரும்பலகையில் பாதியை வாங்கிக்கொண்டோம். பேத்திதான் எழுதினாள், பாட்டிக்கு வாசித்துக் காட்டிய அதே பெண். "கிராம சபை, 15-ஆம் தேதி, காலை 11 மணி, பள்ளிக்கூடம். மடைக் கணக்கு கேட்கப்படும்." அன்று எழுபத்திரண்டு பேர் வந்தார்கள், நான் எண்ணினேன். நூறு ஆகவில்லை. மடைக் கணக்கைச் சித்தப்பா எழுந்து கேட்டார். அடுத்த கூட்டத்தில் ரசீதோடு பதில் சொல்வதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.