பன்னிரண்டு கம்பங்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தேயிலைச் சரிவுக்கு மேலே உள்ள மட்டமான இடத்தில் 12 பிவிசி குழாய்களை நட்டிருக்கிறேன். இடைவெளி 60 சென்டிமீட்டர். நாயைத் தடைகள் வழியே ஓடவைக்கும் அஜிலிட்டி விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது, கம்பங்களுக்கு நடுவே நாய் வளைந்து வளைந்து ஓடும் இந்த வளைந்தோட்டம்தான். முதல் கம்பம் நாயின் இடது தோள் பக்கம் வர வேண்டும். ஒன்றை விட்டாலும் பிழை. நாயைத் தொடக்கூடாது, குரலும் கையசைவும் மட்டும்தான். அஜிலிட்டி, 1978-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைத் தாண்டலைப் பார்த்து உருவாக்கிய விளையாட்டு.

என் நாய் கருப்பி ஆறு கம்பம் வரை சரியாக வருவாள். ஏழாவதில் வெளியே ஓடிவிடுவாள். அப்புறம்தான் கவனித்தேன்: அந்த இடத்தில் நான்தான் அவளைத் திரும்பிப் பார்க்கிறேன். என் தோள் திரும்பினால் அவளும் திரும்புகிறாள்.

நேற்று காலை, மூடுபனிக்குள், முன்னே பார்த்தபடியே ஓடினேன். குழாய்கள் டக் டக்கென்று அசையும் சத்தத்தை எண்ணினேன். பன்னிரண்டு!