மசூலா படகு: மூன்றாவது தையலும் பிய்ந்துவிட்டது

பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டும் பழைய மசூலா படகின் சிறு மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். நேற்று இரவு பதினோரு மணிக்கு, அணியத்துப் (படகின் முன்முனை) பக்கம் நாலாவது பலகை டக்கென்று பிளந்துகொண்டது. மூன்றாவது முறை. பால்சா என்ற மென்மரம் என்றால் பரவாயில்லை, அது அப்படித்தான் என்று விட்டுவிடலாம். இது 2 மி.மீ. மாம்பலகை, தச்சரிடம் கெஞ்சி இழைத்து வாங்கியது.

1:20 அளவு, 45 செ.மீ. நீளம். நான் செய்ய நினைப்பது கடலூர்க் கரையில் ஓடிய மசூலா. கெடிலமும் உப்பனாறும் கடலில் சேரும் முகத்துவாரம் மணல் மேடிட்டுக் கிடக்கும், பெரிய கப்பல் உள்ளே வராது. 1690இல் கும்பினியார் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி) மராட்டியரிடம் கோட்டையை வாங்கியபோதும், 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்த் தலைமையிடமே இங்கு வந்தபோதும், கப்பல் வெளியே நங்கூரம் போட்டுத்தான் நிற்கும். ஆளும் மூட்டையும் அலையைத் தாண்டியது பெரும்பாலும் இந்தத் தையல் படகுகளில்தான். பாண்டிச்சேரிப் பிரெஞ்சுக்காரர் இதைச் 'செலாங்' என்றார்கள். நம்முடைய 'சலங்கு'தான் அது.

ஆணி கிடையாது, வங்குக்கால் (உள்ளே தாங்கும் விலாச்சட்டம்) கிடையாது. பலகையைப் பலகையோடு கயிற்றால் தைத்து, உள்பக்கம் மூட்டின் மேல் வைக்கோல் புரியை வைத்து இறுக்குவார்கள். அலை மோதும்போது உடம்பே நெளிந்து கொடுக்கும். படித்தபோது அழகாகத்தான் இருந்தது. தைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது.

சிக்கல் துளையில். ஒரு விளிம்புக்கு 5 மி.மீ. இடைவெளியில் 90 துளை. முதல் இரண்டு தடவையும் பலகை தட்டையாக இருக்கும்போதே எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். ஆவியில் காட்டி வளைத்து அச்சில் பொருத்தினால் மேல் துளைக்கும் கீழ்த் துளைக்கும் முக்கால் மி.மீ. வித்தியாசம். நூல் சாய்ந்து இழுக்கிறது, துளை வரிசை தபால்தலை ஓரம் மாதிரி கிழிகிறது. சரி என்று இந்த முறை வளைத்த பிறகே, கிளிப் போட்டு, இரண்டு பலகைக்கும் எதிரெதிராகத் துளைத்தேன். நடுப்பகுதி அருமையாக வந்தது, ஒரு பொட்டு விலகல் இல்லை. அணியத்தில்தான் வளைவு அதிகம். அங்கே விளிம்புக்கு ரொம்பப் பக்கத்தில் துளைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அடுத்த முறை அந்த நாலு அங்குலத்துக்கு மட்டும் துளையை ஒரு மி.மீ. உள்ளே தள்ளப் போகிறேன்.

துளையிடும் பிட்டுக்குச் சென்னை ரிச்சி தெருவில் அலையுங்கள். மின்சுற்றுப் பலகைக்குப் போடும் 0.8 மி.மீ. பிட் அங்கே கிடைக்கும். கையைக் கொஞ்சம் சாய்த்தால் ஒடிந்துவிடும், எனக்கு இதுவரை பதினொன்று போயாயிற்று. இணையத்தில் வாங்கிய ஒரு பெட்டியில் பாதிக்குக் கூரே இல்லை. நூலுக்குச் செருப்புத் தைக்கும் நூலைப் பிரித்து ஒற்றை இழையாக்கித் தேன்மெழுகு தடவுகிறேன். தேங்காய்நார் இந்த அளவுக்குக் கயிறு மாதிரித் தடித்துத் தெரிகிறது.

படகே முடியவில்லை, துடுப்பு மட்டும் எட்டும் தயார்! மூங்கில் குச்சி நுனியில் முட்டை வடிவப் பலகையைக் கட்டினால் போதும், அரை மணி வேலை. தண்டல் (படகோட்டிகளின் தலைவர்) திசை திருப்பப் பிடிக்கும் நீளத் துடுப்பு பாக்கி. இது முடிந்ததும் கட்டுமரம், அதில் தையல் இல்லை, கட்டு மட்டும்தான் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் கேட்டது ஒன்றுதான்: சாப்பாட்டு மேசை எப்போது காலியாகும்?

ஞாயிற்றுக்கிழமை தச்சரிடம் போய் இன்னும் நாலு பலகை இழைத்து வாங்க வேண்டும்.