26.000 கிராம்

ஜூன் 8, 2024, சனி. வெருலம்

டர்பனில் பழைய சாமான் சந்தையில் 300 ராண்டுக்கு ஒரு டோஷிபா டி3200 கம்ப்யூட்டர் கிடைத்தது. 1987 மாடல். போர்ட்டபிள் என்று பெயர்தான். எட்டு கிலோவுக்குக் குறையாது, பேட்டரியும் கிடையாது. சுவிட்சைப் போட்டதும் ஆரஞ்சு நிற பிளாஸ்மா திரை எரிந்தது. எனக்கு அதிலேயே 300 ராண்ட் வசூல்.

ஆனால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். காற்றுத் துவாரங்களில் மெல்லிய துணி ஒட்டியிருக்கிறது. கீபோர்டின் மேல் பிளாஸ்டிக் உறை, அதன் ஓரமெல்லாம் பழுப்பாகப் பிசுபிசுப்பு. உள்ளே கூடுதலாக ஒரு கார்டு, அதில் வெளிக் கருவிகளை இணைக்க இரண்டு சீரியல் போர்ட். பெயிண்டில் எழுதியிருக்கிறது: ஒன்று ‘பிஓஎல்’, மற்றது ‘பிஆர்எக்ஸ்’.

பிஓஎல் என்றால் போலீஸ்தான் என்கிறார் ஆபீஸ் நண்பர். குடித்துவிட்டு ஓட்டுபவர்களை ஊதச் சொல்லும் கருவியாம். நானும் நம்பினேன்.

ஜூன் 9

ஹார்டு டிஸ்க் உயிரோடு இருக்கிறது. 1989 முதல் 1991 வரை ஃபைல்கள். எல்லாம் ஏப்ரல் முதல் டிசம்பருக்குள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் ஒன்றுகூட இல்லை. போலீசுக்கு ஏது மூன்று மாத லீவு? பள்ளிக்கூடமும் இல்லை, இங்கே ஜனவரியில்தான் திறக்கிறார்கள்.

ஜூன் 12

பேசிக் மொழியில் எழுதிய புரோகிராமைப் படித்தேன். மணிக்கு ஒரு அளவு, ராத்திரி இரண்டு மணிக்கும் விடவில்லை. முதல் போர்ட்டில் வரும் எண்ணை இரண்டாவதில் வருவதால் வகுத்து நூறால் பெருக்குகிறது. விடை பெரும்பாலும் 80க்கு மேல். ஆரம்பத்தில் ‘எடை 26.000, வெப்பம் 20’ என்று நினைவூட்டுகிறது. புள்ளிக்குப் பிறகு மூன்று பூஜ்யம் போடுகிறவன் சும்மா போடமாட்டான்.

ஜூன் 17, விடுமுறை

பக்கத்து வீட்டுத் தாத்தா காம்பவுண்டுச் சுவரோரம் நின்று, கொடியில் காய்ந்த சட்டையிலிருந்து கரும்புச் சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தார். சீசன் வந்தால் இந்த வடக்குக் கடற்கரைப் பக்கம் எல்லார் வீட்டுத் துணிக்கும் இதே கதிதான். பேச்சுவாக்கில் 26 கிராம் என்றேன். தட்டிய கை நின்றது.

“சீனி வெயிட் அது, தம்பி. மில் லேப்.”

26 கிராம் சுத்தமான சர்க்கரையைக் கரைத்து, 20 டிகிரியில் 100 மில்லி ஆக்கினால், போலரிமீட்டர் சரியாக 100 காட்டும். சர்க்கரைக் கரைசல் ஒளியின் தளத்தைத் திருப்பும் அளவு அது. அந்த அளவுக்குப் பெயர் ‘போல்’, அதுதான் பிஓஎல். பிஆர்எக்ஸ், அதாவது பிரிக்ஸ் என்பது சாற்றில் கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள். போலை பிரிக்ஸால் வகுத்தால் சாற்றின் தூய்மை. கரும்பு கொண்டுவருகிறவருக்கு எடையோடு சர்க்கரைச் சத்தையும் பார்த்துத்தான் காசு. ஏப்ரல் வாக்கில் அரவை தொடங்கி டிசம்பரில் முடியும். அந்த மூன்று மாத லீவும் புரிந்தது, பிசுபிசுப்பும் புரிந்தது. துணி, சக்கைத் தூசிக்காக.

1860இல் ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து வந்தவர்கள் இறங்கியதே இந்தக் கரும்புக்காகத்தான். இத்தனை நாளாக நான் போலீசைத் தேடிக்கொண்டிருந்தேன்!

தாத்தா உள்ளே வந்து உட்கார்ந்து, கேட்காமலே சரியான பட்டனைத் தட்டினார். ‘போல் பதில் இல்லை’ என்று ஆங்கிலத்தில் திரை சொன்னது.

“அப்பவும் அப்படித்தான்,” என்றார். “கேபிளை ஆட்டிப் பார்.”