93ஐத் திருத்திய இரவு

1975 ஜூனில், தென்மாவட்டத்துத் தமிழ் நாளிதழ் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இரவுப் பணி. நேர்முகத் தேர்வில் கிரிக்கெட் தெரியும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டதால் விளையாட்டுப் பக்கத்தை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

இங்கிலாந்தில் முதல் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. 60 ஓவர், வெள்ளை உடை, சிவப்புப் பந்து. வெங்கட்ராகவன் தலைமையில் போன நம் அணி கிழக்கு ஆப்பிரிக்காவை மட்டும் வென்றது. ஜூன் 14, சனிக்கிழமை, நியூசிலாந்திடம் தோற்று மூட்டை கட்டியது. அதன்பிறகு அலுவலகத்தில் ஸ்கோர் கேட்க ஆளில்லை. மிஞ்சியவை மூன்றே ஆட்டங்கள், இரண்டு அரையிறுதியும் ஓர் இறுதியும். அந்த மூன்று ஆட்டங்களுக்குள் நான் இரண்டு மெமோ வாங்கினேன்.

கம்பி வழியாக வரும் செய்தியைத் தாள் சுருளில் அடித்துத் தரும் டெலிபிரிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கம்பி சரியில்லாத நாளில் எண் வரவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்து வந்து நிற்கும். தட்டச்சின் மேல்வரிசையை வைத்து, க்யூ என்றால் 1, டபிள்யூ என்றால் 2, ஈ என்றால் 3 என்று கண்டுபிடித்துக்கொள்வோம். சில சமயம் ஓர் இலக்கம் விழாமலே போய்விடும். அப்போது நாமே ஊகிக்க வேண்டியதுதான். போட்டியின் முதல் நாளில் கவாஸ்கர் 60 ஓவரும் நின்று ஆட்டமிழக்காமல் 36 என்று வந்தபோது, முன்னால் ஒரு 1 விழவில்லை என்றே நினைத்தேன். அணியின் மொத்தமே 132 என்று அடுத்த வரியில் இருந்ததால் தப்பித்தேன்.

18ஆம் தேதி, புதன்கிழமை, தப்பவில்லை. ஒரே நாளில் இரண்டு அரையிறுதிகள். ஓவலில் நியூசிலாந்து 158 எடுக்க, மேற்கிந்தியத் தீவுகள் ஐந்து விக்கெட் இழப்பில் அதைத் தாண்டின. அதில் சிக்கல் எதுவும் இல்லை. லீட்ஸில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் ஆடின. இரவு ஏழு மணிக்கு மேல் தாள் சுருளில் வந்த வரி: இங்கிலாந்து 93, அனைவரும் ஆட்டமிழந்தனர்.

சொந்த மண்ணில், அரையிறுதியில் இங்கிலாந்து 93 எடுக்குமா? வெளியூர்ப் பதிப்பு எட்டு மணிக்குப் போயாக வேண்டும். பேனாவை எடுத்து முன்னால் ஒரு 1 போட்டேன். கேரி கில்மோர் 14 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார் என்று கீழே இருந்தது. அதையும் நான் நம்பவில்லை. ஆனாலும் தொடவில்லை. ஒரே செய்தியில் இரண்டு திருத்தம் அதிகம் என்று தோன்றியதோ என்னவோ.

நாகர்கோவில் பஸ்ஸில் கட்டுகள் ஏறிய பிறகு அடுத்த செய்தி வந்தது. 39 ரன்னுக்கு 6 விக்கெட் இழந்து தடுமாறிய ஆஸ்திரேலியாவை அதே கில்மோரும் டக் வால்டர்ஸும் கரைசேர்த்திருந்தார்கள். 94 ரன், நான்கு விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி. தலைமை உதவி ஆசிரியர் கத்தவில்லை. தாளை என் மேஜையில் வைத்து 93ஐச் சுற்றி வட்டம் போட்டார். "இதை அனுப்பியவர் லீட்ஸில் இருக்கிறார். நீ எங்கே இருக்கிறாய்?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை மெமோ வந்தது. மறுநாள் ஓர் ஆசிரியரின் தபால் அட்டை வந்தது. 193 எடுத்த அணியை 94 எடுத்த அணி வெல்லும் கணக்கை எந்த வகுப்பில் கற்றுத்தருகிறார்கள் என்று கேட்டிருந்தார்.

அன்று சனிக்கிழமை, 21ஆம் தேதி, லார்ட்ஸில் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இறுதி ஆட்டம். ஆரம்பத்திலேயே ஒரு வரி என்னைச் சோதித்தது. லில்லியின் பந்தை ஹூக் செய்து ராய் ஃபிரெடெரிக்ஸ் சிக்ஸர் அடித்தார்; ஆட்டமிழந்தார். இரண்டு செய்தி கலந்துவிட்டதா? கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடித்த வேகத்தில் கால் வழுக்கி ஸ்டம்பைத் தட்டிவிட்டார் என்று பிறகு விவரம் வந்தது. 50 ரன்னுக்கு 3 விக்கெட் போன நிலையில் கிளைவ் லாய்ட் இறங்கினார். 39 வயது கன்ஹாய் ஒரு பக்கம் ரன்னே எடுக்காமல் ஓவர் ஓவராக நிற்க, லாய்ட் 102 விளாசினார். மொத்தம் 291.

ஆஸ்திரேலியா பதிலுக்கு ஆடியதில் ரன் அவுட் மட்டும் ஐந்து. அவற்றில் மூன்று விவியன் ரிச்சர்ட்ஸின் கையால். ஐந்தையும் வந்தபடியே எழுதினேன்.

233க்கு ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. நகரப் பதிப்புக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த மூத்த அச்சுக்கோப்பாளர் அண்ணாச்சி, தலைப்பில் "ரன் வித்தியாசத்தில்" என்பதற்கு முன்னால் இரண்டு எழுத்து அகலத்துக்கு வெற்று ஈயம் செருகிவைத்தார். ஐந்து நிமிட வேலைதான் என்று நினைத்தோம். தாம்சனும் லில்லியும் அடிக்கத் தொடங்கினார்கள். 240, 250, 260. ஒவ்வொரு முறையும் அண்ணாச்சி அச்செழுத்துப் பெட்டியிலிருந்து இரண்டு எண்களைப் பொறுக்குவார், திரும்பப் போடுவார்.

பார்வையாளர்கள் மைதானத்துக்குள் புகுந்துவிட்டார்கள் என்று ஒரு வரி வந்தது. "முடிந்துவிட்டது, பக்கத்தை விடு" என்றார் தலைமை உதவி ஆசிரியர். எத்தனை ரன் வித்தியாசம் என்று அந்த வரியில் இல்லை. வரட்டும் சார் என்றேன். அது நோ பால்; கேட்ச் பிடித்தாலும் அவுட் இல்லை. ஆட்டம் முடிந்துவிட்டதாக நினைத்து ஓடிவந்த கூட்டத்துக்குள் பந்து தொலைந்துபோக, அந்த இருவரும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"இதில் நம் ஆட்கள் எங்கே தம்பி?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"அவர்கள் கதை போன சனிக்கிழமையே முடிந்துவிட்டது அண்ணாச்சி."

"பிறகு நாம் எதற்கு இவ்வளவு நேரம் விழித்திருக்கிறோம்?"

அங்கே இரவு 8.43, இங்கே 1.13. தாம்சன் ரன் அவுட், ஐந்தாவது. 274. செய்தி எங்களுக்கு வந்துசேர மேலும் சில நிமிடங்கள் ஆயின. அண்ணாச்சி ஈயத்தைத் தட்டி எடுத்துவிட்டு 17 என்று பொருத்தினார். பிறகு, மைப்பட்ட விரலால் என்னைக் கூப்பிட்டு, சரிதானா என்று என்னையே படிக்கச் சொன்னார்.

அந்தத் தாமதத்தில் விடிகாலை வண்டி ஒன்று எங்கள் கட்டுகளை ஏற்றாமலே போய்விட்டது. திங்கட்கிழமை இரண்டாவது மெமோ, விற்பனைப் பிரிவின் புகாரின் பேரில். விளக்கம் எழுத மூன்று நாள் கொடுத்திருந்தார்கள். புதன்கிழமை இரவு எழுதிக்கொண்டிருந்தேன். 25ஆம் தேதி. அந்த நள்ளிரவுக்குப் பிறகு நாட்டில் நெருக்கடி நிலை. என் விளக்கத்தை யாரும் கேட்கவே இல்லை.